நாடக வகுப்பு நின்ற பின்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியார்க் குடாவை வளைத்துக்கொண்டு செல்லும் நெடுவழி மூதூரைக் கடந்து மேலும் தெற்கே நீளுமிடத்தில் ஈச்சிலம்பற்று அமைந்திருக்கிறது. கிழக்கே கடல், தெற்கே மகாவலியின் கிளையாகிய வெருகலாறு, ஆற்றுக்கு அப்பால் மட்டக்களப்பு மாவட்டம். வெருகல், பூநகர், வட்டவன், முட்டுச்சேனை, மாவடிச்சேனை முதலிய ஊர்கள் இப்பகுதியைச் சேர்ந்தவை. நெல்லும் கால்நடையும் மீனுமே மக்களின் சீவியம். 2009ஆம் ஆண்டிற் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரையிலும், அதன் பின்னர் ஏனைய துறைகளிலும் பாலங்கள் அமையும் வரையிலும், திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கடற்கரை வழியாகச் செல்வோர் துறைதோறும் பாதைக்குக் காத்துக் கிடந்தே ஆறுகளைக் கடந்தனர். பாலங்கள் வந்த பின்னரும், நகரத்தில் வீடும் குடும்பமும் உள்ள ஓர் ஆசிரியருக்கு ஈச்சிலம்பற்று தொலைவான இடமே. பள்ளிக்கூடத்தில் நாடகத்துறை எவ்வாறு மூடப்படுகிறது என்பதை விளங்கிக்கொள்வதற்கு இந்தத் தொலைவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இத்தகைய ஊர்களின் பாடசாலைகளில் நாடகத்துறை என்று சொல்லப்படுவது பெரும்பாலும் ஓர் ஆசிரியரேயாவர். தனிக் கட்டடம் இராது; ஒளியமைப்பும் திரையும் இரா; ஒரு பெட்டியில் சில உடைகளும், ஓர் அலுமாரித் தட்டில் சில நாடகப் பிரதிகளும் இருந்தால் அதுவே பெருஞ்செல்வம். ஆறாம் வகுப்பு முதல் அழகியற் பாடங்களுள் ஒன்றாகவும், பின்னர் க.பொ.த. சாதாரண தரத்தில் ‘நாடகமும் அரங்கியலும்’ என்னும் விருப்பப் பாடமாகவும், உயர் தரத்திற் கலைப்பிரிவுப் பாடமாகவும் நாடகம் பள்ளிக்குள் இடம்பெறுகிறது. அவ்வொருவருக்கு இடமாற்றம் கிடைத்துவிட்டால், துறை முழுவதும் அவரோடு பஸ் ஏறிப் போய்விடுகிறது. “மூடுகிறோம்” என்று எவரும் அறிவிப்பதில்லை. பூட்டுப் போடுவதற்கு அறையும் இல்லை. புதிய தவணை தொடங்கும்போது நேரசூசியில் நாடகம் இருந்த கட்டத்தில் வேறொரு பாடம் எழுதப்பட்டிருக்கும். சில நாள் ‘ஆசிரியர் வருவார்’ என்ற பேச்சு இருக்கும். பின்னர் அதுவும் அடங்கிவிடும்.

மூடப்படுவதற்குக் காரணங்கள் எளியவை. பாடத்தைத் தெரிவு செய்யும் மாணாக்கர் தொகை குறைவு. பத்துப் பன்னிரண்டு பேருக்காக ஓர் ஆசிரியரைக் கோருமிடத்து, கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்குமே ஆசிரியர் போதாத பாடசாலையின் அதிபர் கல்வி அலுவலகத்தின் முன் வலுவாகப் பேச முடிவதில்லை. பெற்றோரும், பிள்ளை உழைத்துச் சாப்பிட உதவும் பாடத்தைப் படிக்கட்டும் என்று எண்ணுகின்றனர். பல தலைமுறையாக வயலையும் கடலையும் நம்பி வாழ்ந்தவர்களின் எண்ணத்திற் பிழை காண்பதற்கில்லை. எனினும், இந்தக் கணக்கில் ஒரு தவறு உண்டு. நாடகத்தைத் தெரிவு செய்யும் மாணாக்கர் பலர் வேறு பாடங்களிற் சிறந்து விளங்க வாய்ப்பிருந்தும் விளையாட்டுக்காக அதன்பாற் சென்றவர்கள் அல்லர். பள்ளிக்கூடத்தில் தாம் எதிலேனும் வல்லவர் என்பதை முதன்முதலாக நாடக வகுப்பிற் கண்டவர்கள் அவர்கள். அந்த வகுப்பை எடுத்துவிட்டால் அவர்கள் விஞ்ஞான வகுப்புக்குப் போய்விடுவதில்லை. சிலர் பள்ளிக்கு வருவதையே குறைத்துக்கொள்கின்றனர்.

இடைநடுவில் வகுப்பு நின்றுபோன மாணாக்கனின் நிலை எத்தகையது? பத்தாம் வகுப்பிற் பாடத்தைத் தொடங்கி, பதினோராம் வகுப்பில் ஆசிரியரை இழந்தவன், ஒரே ஆண்டில் வேறொரு பாடத்தின் ஈராண்டுப் பகுதியையும் படிக்க வேண்டும். அல்லது புத்தகத்தை மட்டும் துணைக்கொண்டு நாடகத் தேர்வை எழுத வேண்டும். எழுத்துத் தேர்வை அவ்வாறு ஒருவாறு சமாளிக்கலாம். ஆனால், நாடகத்துக்குச் செயன்முறைத் தேர்வும் உண்டு. பரீட்சகர் முன்னிலையில் உடலாலும் குரலாலும் செய்து காட்டவேண்டிய அத்தேர்வுக்குத் தனி அறையிலிருந்து பயின்று செல்வது, நீர்நிலையைக் காணாதவன் நீந்தப் பயின்றது போன்றதாம். உயர் தரத்திலோ இழப்பு இன்னும் பெரிது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்புக் கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் நாடகத்தைப் பட்டப் படிப்பாகப் பயில இடமுண்டு. கிராமத்து மாணாக்கர் பல்கலைக்கழகத்துக்கு ஏறிச் செல்லும் ஏணிகளுள் இதுவும் ஒன்று. ஏணி பல்கலைக்கழக வாசலில் ஒருபோதும் முறிவதில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்து அடிப்படியிலேயே முறிகிறது.

உடல் கூடிநின்று செய்யவேண்டிய பாடங்கள் எவ்வளவு எளிதிற் பாதிக்கப்படும் என்பதை அண்மைக்கால நிகழ்ச்சியொன்று நாடு முழுவதற்கும் காட்டிற்று. 2020 மார்ச்சிற் கொள்ளைநோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டன. அவ்வாண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை 2021 மார்ச்சிலேயே நடைபெற்றது. அழகியற் பாடங்களின் செயன்முறைத் தேர்வை உரிய காலத்தில் நடத்த இயலாமற்போகவே, அப்பாடங்களை விடுத்து ஏனைய பாடங்களின் பெறுபேறுகள் மட்டும் 2021 செப்டெம்பரில் வெளியாயின. கணிதம் படித்தவன் தன் பெறுபேற்றை அறிந்திருக்க, நாடகம் படித்தவன் காத்திருந்தான். நோயின்மீதன்றி வேறெவர்மீதும் இதற்குக் குறைகூற முடியாது. ஆயினும், மற்றப் பாடங்களைத் தொலைபேசித் திரையிலேனும் தொடர முடிந்தபோது, சேர்ந்து நிற்க அனுமதியில்லாவிடில் இல்லாமலே போய்விடும் பாடம் எது என்பது அப்பொழுது வெளிப்பட்டது.

ஈச்சிலம்பற்று இதனினும் பெரிய மூடல்களைக் கண்ட இடம். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. அதன் வடு ஆறுமுன் 2006ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மாவிலாற்று அணைக்கதவை முன்னிட்டுப் போர் மூண்டது. மூதூர்க் கிழக்கிலும் ஈச்சிலம்பற்றிலும் வாழ்ந்த மக்கள் வெருகலாற்றைக் கடந்து வாகரைப் பக்கம் ஓடினர். பள்ளிக்கூடங்கள் அகதிகளின் உறைவிடங்களாயின. அவ்வாண்டு நவம்பர் 8ஆம் நாள் கதிரவெளியில் ஒரு பாடசாலையிலே தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது எறிகணைகள் வீழ்ந்து பலர் மாண்டனர். அங்கிருந்தும் பெயர்ந்து மட்டக்களப்பு முகாம்களுக்குச் சென்றவர்களுள், ஈச்சிலம்பற்றைச் சேர்ந்தோர் 2007ஆம் ஆண்டில் மீளக் குடியேற்றப்பட்டனர்; அயலிலுள்ள சம்பூர் மக்கள் தம் மண்ணை மிதிக்க 2015ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

அத்தகைய காலத்தில் ஒரு துறையன்று, பள்ளிக்கூடமே இல்லாமற் போகிறது. திரும்பிவந்த பிள்ளைகளுக்கு மேசையும் நாற்காலியும் புத்தகமும் வேண்டியிருந்தன. நாடகத்தைப் பற்றி எவர் பேசுவார் என்று தோன்றலாம். ஆனால், கிழக்கு மாகாணத்தின் அனுபவம் வேறாக இருக்கிறது. மட்டக்களப்பில் 1996ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘வண்ணத்துப்பூச்சிச் சமாதானப் பூங்கா’ போரினால் அலைப்புண்ட ஊர்களின் சிறுவர்களை அழைத்து, களிமண்ணாலும் வண்ணத்தாலும் கதையாலும் நடிப்பாலும் அவர்களைப் பேசவைக்க முயன்றது. வடக்கிலே, குழந்தை ம. சண்முகலிங்கம் போரின் உளக் காயத்தைப் பொருளாகக் கொண்டு எழுதிய ‘அன்னை இட்ட தீ’ 1991இல் மேடையேறியது. வாயினாற் சொல்ல முடியாததை இன்னொருவனின் வேடத்தை அணிந்து சொல்லிவிடலாம் என்பது நாடகத்தின் பழைய இரகசியம். அந்த உதவி மிகத் தேவைப்படும் ஊர்களிலேயே நாடக ஆசிரியர் வெற்றிடம் நிரப்பப்படாது கிடப்பது முரண்பாடு அன்றோ?

வகுப்பு நின்றபின் மாணாக்கர் எதனைப் பற்றிக்கொள்ளலாம் என்ற வினாவுக்கு, நகரத்துப் பிள்ளைகளுக்கு இல்லாத ஒரு விடை கீழைக்கரைப் பிள்ளைகளுக்கு உண்டு. அதுவே கூத்துக் களரி. மட்டக்களப்பிற் செழித்து, கொட்டியாரப்பற்றின் ஊர்களிலும் பரவியுள்ள இம்மரபு, கல்வித் திணைக்களம் தோன்றுவதற்கு முன்னரே தனக்கென ஒரு பயிற்சி முறையை வகுத்துக்கொண்டது. அம்முறையைச் சற்று விரித்துக் கூறுதல் தகும். ஏனெனில் அதன் ஒவ்வொரு படியும் ஒரு பாடவேளையாகும்.

வேளாண்மை வேலை ஓய்ந்த காலத்தில் ஊரவர் கூடி, எந்தக் கூத்தை ஆடுவது என்று தீர்மானித்து அண்ணாவியாரை அழைப்பர். அண்ணாவியார் என்பவர் ஆசிரியரும் நெறியாளரும் மத்தளக்காரருமாக விளங்குபவர். அவர் ஆட விரும்புவோரின் குரலையும் தோற்றத்தையும் கால் நிற்கும் விதத்தையும் பார்த்து, இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று வகுப்பார். அப்பொழுது ஒவ்வொருவனுக்கும் அவன் பாடவேண்டிய பகுதி மட்டும் எழுதப்பட்ட ஏடு வழங்கப்படும். இதற்குச் ‘சட்டங் கொடுத்தல்’ என்று பெயர். சட்டத்தைக் கையில் வாங்கியவன் அன்று முதல் ஊருக்குக் கடமைப்பட்டவன். நடுவில் விட்டுப்போவது இழுக்கு.

பின்னர் இரவுதோறும் பழக்கம் நடைபெறும். முதலில் தாளக்கட்டு; அதற்கேற்ற ஆட்டம்; அதன்மேற் பாட்டு; பாட்டுக்கு இடையே வசனம். வடமோடியாயின் பாரத, இராமாயணப் போர்க்கதைகளே மிகுதி. ஆட்டத்தில் வீறு தோன்றும். தென்மோடியில் ஆட்ட நுணுக்கம் கூடுதல். பழக்கம் ஓரளவு முதிர்ந்ததும் நல்லதொரு நாளிற் சதங்கை அணிவிப்பர். அதுவரை வெறுங்காலில் ஆடியவனுக்கு அன்றுதான் தன் காலின் பிழை தன் காதிலேயே விழத் தொடங்கும். சதங்கை அணிந்தபின் பிழையை மறைத்தல் அரிது. ஊரவரும் வந்து பார்த்துக் குறை சொல்வர். கடைசியில் ‘அடுக்குப் பார்த்தல்’ என்னும் ஒத்திகை. அதில் முழுக் கூத்தும் தொடக்கம் முதல் இறுதி வரை ஆடிப் பார்க்கப்படும். அதன்பின் அரங்கேற்றம்.

அரங்கேற்றக் களரி வட்டமானது; நாற்புறமும் மக்கள் சூழ்ந்திருப்பர். நடுவில் அண்ணாவியாரும் தாளக்காரரும் பிற்பாட்டுக்காரரும் நிற்பர். கட்டியகாரன் வந்து வரவு கூற, கூத்து விடியும் வரை நீளும். பின்னர் சிலநாள் வீடுவீடாகச் சென்று பகுதி பகுதியாக ஆடுவர்; வீட்டார் அன்பளிப்புக் கொடுப்பர். செலவின் ஒருபங்கு அவ்வாறு ஈடாகும். சபையும் பொருளும் கலைஞனும் ஊருக்குள்ளேயே பிறந்து ஊருக்குள்ளேயே சுழல்வதனால், எந்த அலுவலகத்திலிருந்தும் ஓர் ஆணை வந்து இதனை நிறுத்த இயலாது. பேராசிரியர் சி. மௌனகுரு ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ என்னும் ஆய்வு நூலில் இம்முறைகளை விரிவாகப் பதிந்து வைத்திருக்கிறார். வகுப்பை இழந்த மாணாக்கர் தேடிப் படிக்கத்தக்க நூல் அது.

ஆகவே பள்ளிக்கூட வகுப்புப் போனாலென்ன, களரி இருக்கிறதே என்று சொல்லி விடலாமா? கூத்தின் பெருமை பேசுவோர் பலர் அப்படித்தான் சொல்லிவிடுகின்றனர். அது முழு உண்மை ஆகாது.

மரபுக் கூத்தில் ஆடியோர் ஆடவர். சுபத்திரையும் திரௌபதியும் சீதையும் ஆடவர் தாங்கிய வேடங்களே. இரவு முழுதும் நீளும் பழக்கத்துக்குப் பெண்பிள்ளையை அனுப்பும் வழக்கம் ஊரில் இல்லை. பெண்கள் கூத்துக்குள் வந்தது பெரும்பாலும் பாடசாலை மேடையினூடாகவும் பல்கலைக்கழக மேடையினூடாகவுமே. பகலில், சீருடையுடன், ஆசிரியர் ஒருவரின் பொறுப்பில், மற்றத் தோழியரோடு பயிலும் நாடக வகுப்பு ஒன்றே பல கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கு அரங்கில் ஏறும் ஒரே வாசலாக இருந்துவருகிறது. அவ்வாசல் அடைபடும்போது, ஆண்பிள்ளைக்குக் களரியேனும் எஞ்சுகிறது. பெண்பிள்ளைக்கு எதுவும் எஞ்சுவதில்லை. துறை மூடப்படுவதன் சுமை எல்லார்மீதும் ஒரே அளவாக விழுகிறது என்று கருதுவோர் இதனைக் காணத் தவறுகின்றனர்.

மற்றொன்று, களரி தன் மரபை மட்டுமே கற்பிக்கும். வேறு நாட்டு நாடகத்தையோ, இக்காலத்து வாழ்வைப் பொருளாக்கும் முறையையோ அது கற்பிக்காது. பரீட்சைச் சான்றிதழும் தராது. களரியும் வகுப்பும் ஒன்றையொன்று நாடி நின்ற காலத்திலேயே ஈழத் தமிழ் நாடகம் உயர்ந்தது என்பதற்குச் சான்று உண்டு. கீழைக்கரையில் பிறந்தவரும், 1920களில் திருகோணமலை இந்துக் கல்லூரியின் பொறுப்பையும் தாங்கியவருமாகிய சுவாமி விபுலாநந்தர், 1924இல் மதுரைத் தமிழ்ச் சங்க விழாவில் நாடகத் தமிழைப் பற்றி ஆற்றிய சொற்பொழிவு விரிந்து 1926இல் ‘மதங்க சூளாமணி’ என்னும் நூலாயிற்று. சேக்சுபியரையும் தமிழ்க் கூத்து இலக்கணத்தையும் ஒரே நூலில் ஆராய்ந்த அவரது துணிவு பின்வந்தவர்க்கு வழிகாட்டியது. பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அண்ணாவியாரைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துவந்து மாணாக்கர்க்குக் கற்பித்தார். ‘கர்ணன் போர்’ 1962இலும், ‘நொண்டி நாடகம்’ 1963இலும், ‘இராவணேசன்’ 1964இலும், ‘வாலி வதை’ 1968இலும் மேடை கண்டன. விடியுமட்டும் ஆடப்பட்டதை ஒன்றரை இரண்டு மணிக்குள் அடக்கி, வட்டக் களரியிலிருந்து ஒருமுகமான மேடைக்கு அவர் கொண்டுவந்தார். கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் மூலம் பாடசாலைகளுக்கிடையே கூத்துப் போட்டிகளும் நடைபெற்றன. அவருடைய மாணாக்கராகிய மௌனகுரு 1969இல் ‘சங்காரம்’ என்னும் ஆக்கத்தில் கூத்து வடிவத்தையே சமுதாயக் கொடுமையைச் சாடும் கருவியாக்கினார். இவையெல்லாம் களரி மட்டும் தனித்தோ வகுப்பு மட்டும் தனித்தோ செய்திருக்கக் கூடியவை அல்ல.

துறையோ கல்லூரியோ இல்லாத இடத்தில் நாடகக்காரர் தாமே ஒன்றை அமைத்துக்கொண்ட கதையும் உண்டு. 1978இல் யாழ்ப்பாணத்தில் சண்முகலிங்கமும் அவருடன் சேர்ந்தோரும் ‘நாடக அரங்கக் கல்லூரி’யைத் தொடங்கினர். பெயரிற் கல்லூரியே தவிர அரசாங்கக் கட்டடமோ சம்பளமோ அதற்கு இல்லை. மாலை நேரங்களிலும் விடுமுறைகளிலும் ஆசிரியர்களும் இளைஞர்களும் கூடி அரங்க விளையாட்டுகளும் களப்பயிற்சியும் செய்தனர். சிறுவர்க்கான ‘கூடி விளையாடு பாப்பா’ அந்தச் சூழலிற் பிறந்தது. அங்குப் பயின்றவர்கள் பள்ளிக்கூடங்களுக்குச் சென்று மாணாக்கரைக் கொண்டு நாடகங்கள் தயாரித்தனர். 1985இல் மேடையேறிய ‘மண் சுமந்த மேனியர்’ வரை நீண்ட ஒரு நாடகப் பரம்பரைக்கு, வாடகையும் சம்பளமும் இல்லாத அந்தக் கூட்டுறவே அடித்தளம்.

துறைகளை மூடுவது ஏழை நாடுகளில் மட்டும் நிகழ்வதன்று. இங்கிலாந்தில் 2021ஆம் ஆண்டு உயர்கல்விக்குப் பொறுப்பான அலுவலகம், நாடகம், இசை, நடனம் முதலிய கலைப் பாடங்களுக்கென மாணாக்கன் ஒருவனுக்கு வழங்கிய மேலதிகத் தொகையைப் பாதியாகக் குறைத்தது. சேக்சுபியர் பிறந்த நாட்டிலேயே இவ்வாறு என்றால் வேறு சொல்ல வேண்டுவதில்லை. ஆனால், மூடலை எதிர்கொண்ட முறைக்கு மறக்கொணாத எடுத்துக்காட்டு அமெரிக்காவில் இருக்கிறது. பொருளாதார மந்தக் காலத்தில் வேலையற்ற கலைஞர்க்காக 1935இல் அந்நாட்டு அரசாங்கம் கூட்டாட்சி நாடகத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் அரங்குகளில் இலட்சக்கணக்கான மக்கள் நாடகம் பார்த்தனர். 1939இற் காங்கிரசு நிதியை மறுக்கவே, சூன் 30ஆம் நாளோடு திட்டம் முடிந்தது. அன்று நியூயோர்க்கில் ஆடப்பட்ட சிறுவர் நாடகம் ‘பினோக்கியோ’. மரப்பொம்மை உயிர்ச் சிறுவனாவது அதன் வழக்கமான முடிவு. கடைசி நாளன்று நடிகர் அந்த முடிவை மாற்றினர். பொம்மை மீண்டும் மரமாயிற்று. சபையோரின் கண்முன்னே மேடைக்காட்சிகளைப் பணியாளர் தகர்த்தனர். பொம்மையை ஒரு பைன்மரப் பெட்டியில் இட்டு, பிறந்த நாளையும், காங்கிரசின் சட்டத்தாற் கொல்லப்பட்ட நாளையும் அதன்மேல் எழுதி வைத்தனர். தமக்கு நேர்ந்ததைத் தம் தொழிலின் மொழியிலேயே நாட்டுக்கு அறிவித்துவிட்டு அவர்கள் கலைந்தனர்.

பள்ளி மாணாக்கருக்கு இதிற் பயனுள்ள ஒரு குறிப்பு இருக்கிறது. வகுப்பு நின்றுபோகிறது என்று தெரிந்த தவணையிலேயே, கையிலிருக்கும் நாடகத்தை முழுமையாக ஆடிவிடுதல் நலம். ஆசிரியரின் பிரியாவிடைக்குப் பூமாலையும் பேச்சும் போதும் என்று நினைப்பது வழக்கம். அவர் பழக்கிய நாடகத்தைப் பெற்றோர்முன் ஆடிக் காட்டினால், ‘இந்தப் பாடத்தால் என்ன பயன்’ என்று கேட்டவர் பயனைக் கண்ணாற் காண்பர். ஆசிரியர் வேண்டும் என்று பின்னர் எழுதப்படும் விண்ணப்பத்திற் கையொப்பமிடப் போகிறவர் அவரே.

ஆசிரியர் போனபின் முதலிற் சிதறுவது பிரதிகளே. நாடகக் கொப்பி ஒருவனிடமும், பாட்டின் மெட்டு இன்னொருவனின் நினைவிலும், உடைப்பெட்டி பண்டகசாலையிலும் கிடக்கும். ஓராண்டிற் கறையான் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். இடப்பெயர்வுகளின்போது ஏட்டுச் சுவடிகளையும் கொப்பிகளையும் இழந்த ஊர்களுக்கு இந்த இழப்பு புதிதன்று. ஆகையால், மாணாக்கர் உடனடியாகச் செய்யவேண்டியது, எவரிடம் எந்தக் கொப்பி இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதி, ஒவ்வொன்றையும் ஈரிடத்திற் பிரதி செய்து வைத்தலாகும். இக்காலத்திற் கைத்தொலைபேசியாற் படம்பிடிப்பதும் பாட்டைப் பதிவு செய்வதும் எளிது. அண்ணாவியார் ஒருவர் முதுமையில் இருப்பாராயின், அவரது தாளக்கட்டுகளைப் பதிந்துவைப்பது தேர்வுக்கு மட்டுமன்றி ஊருக்கும் செய்யும் தொண்டு.

நேரத்தைக் காப்பது பிரதியைக் காப்பதிலும் கடினம். வகுப்பு இருந்தபோது கிழமையிற் குறித்த நாட்களிற் சேர்ந்தவர்கள், அது நின்றதும் ‘ஒருநாள் கூடுவோம்’ என்று சொல்லிக்கொண்டே பிரிந்துவிடுவர். கிழமைக்கு ஒரு மாலையேனும், அதிபரின் அனுமதியோடும் வேறொரு பாடத்து ஆசிரியரின் பொறுப்போடும், அதே இடத்திற் கூடுதல் வேண்டும். பொறுப்பாளர் நாடகம் தெரிந்தவராக இருக்கவேண்டியதில்லை. பெண்பிள்ளைகளின் பெற்றோர் நம்பக்கூடியவராக இருந்தாற் போதும். பதினோராம் வகுப்பினர் ஒன்பதாம் வகுப்பினர்க்குப் பழக்கலாம். பழக்குபவன் தான் கற்றதை இருமடங்கு கற்கிறான். அத்துடன், ஆசிரியர் மீண்டும் நியமிக்கப்படும் நாளில் அவர் முன்னே மாணாக்கர் இருப்பர். ஆண்டுதோறும் நடைபெறும் தமிழ்மொழித் தினப் போட்டிகளில் நாடகத்துக்கும் கூத்துக்கும் இடமிருப்பதால், கூடுவதற்கு ஒரு காரணமும் காலவெல்லையும் தாமே கிடைக்கின்றன.

தேர்வைப் பற்றிய முடிவை மட்டும் உணர்ச்சியால் எடுத்தல் ஆகாது. பதினோராம் வகுப்பின் தொடக்கத்திலேயே ஆசிரியர் இல்லையென்று உறுதியாகிவிட்டால், பாடத்தைத் தொடர்வதா மாற்றுவதா என்பதை வகுப்பாசிரியரோடும் பெற்றோரோடும் இருந்து கணக்கிட வேண்டும். தொடர்வதென்றால், அயற்பாடசாலையில் நாடக ஆசிரியர் உளரா என்று விசாரித்து, செயன்முறைப் பகுதியை விடுமுறை நாட்களில் அங்குச் சென்று பயிலலாம். மூதூருக்கும் ஈச்சிலம்பற்றுக்கும் இடையிலுள்ள பஸ் நேரம் இக்கணக்கிற் சேரவேண்டிய பொருள். மாற்றுவதென்றாலும் அதிற் குற்றமில்லை. பாடம் மாறினவன் மாலைக் குழுவிலிருந்தும் விலக வேண்டியதில்லை.

பெரியோர் செய்யத்தக்கவையும் சில உள. இடமாற்றம் பெறும் ஆசிரியர் போவதற்கு முன் பதிலாள் வரவேண்டும் என்னும் விதி நடைமுறையில் இறுகப் பற்றப்படவேண்டும். ஒரு பாடசாலைக்கு ஒருவர் என்று கோரிக் கிடைக்காவிடில், இரண்டு மூன்று பாடசாலைகளுக்குப் பொதுவாக ஒருவரைக் கோருதல் அலுவலகத்துக்கும் எளிது. கல்லடியிலோ யாழ்ப்பாணத்திலோ நாடகம் பயின்று பட்டம் பெற்ற ஊர்ப்பிள்ளைகளை ஊரிலேயே நியமித்தால், தொலைவு என்னும் பழைய காரணம் பாதி தீர்ந்துவிடும். இந்தப் பாதை அடைபடாதிருந்தாற்றான் அத்தகைய பட்டதாரிகளும் தோன்றுவர்.

அவ்வாறு வெளியூரிற் பயிலும் மூத்த மாணாக்கர் ஒருங்கே ஊரில் இருக்கும் காலம் ஒன்று உண்டு. வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயிலின் ஆண்டுத் திருவிழாவுக்கு இரு மாவட்டங்களிலிருந்தும் மக்கள் திரள்வர். படிக்கவும் உழைக்கவும் சென்றவர்கள் வீடு திரும்புவர். நாடக வகுப்பை இழந்த பள்ளிக்கூடத்தின் மாணாக்கர், அந்நாட்களில் இரண்டு பகற்பொழுதை அவர்களிடம் கேட்டுப் பெறலாம். கொப்பிகளின் பட்டியலையும், தமக்குத் தெரியாத தாளக்கட்டுகளின் பட்டியலையும் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு கேட்பது நல்லது; விழாக் கூட்டத்தில் நேரம் விரைவிற் கரைந்துவிடும்.